நெற்றிக்கும் கண்ணாடிக்கும் இடையில்

எங்கள் பழைய பொறுப்பாளர் சேரின் கருவி என் மேசையில் கிடக்கிறது. மூக்குக்கண்ணாடியைவிடக் கொஞ்சம் தடித்தது. முன்பக்கம் தொப்பியின் விளிம்புபோலச் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். போட்டு நிறுத்தும் ஆளி வேலை செய்யவில்லை என்று போன கிழமை அவருடைய மகள் கொண்டுவந்து தந்தார். பழுது சின்னது, அன்றைக்கே திருத்திவிட்டேன். ஆனாலும் அதைப் பெட்டிக்குள் வைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காரணம், அதன் மேல்விளிம்பில், நெற்றியைத் தொடும் இடத்தில், ஒட்டியிருக்கும் விரலகலக் கறுப்பு றப்பர்த் துண்டு. வெளிப்பக்கம் கறுப்பு. உட்பக்கம் வெள்ளை. அந்த வெள்ளை சாயம் அல்ல, விபூதி. நாள்தோறும் ஒரு நெற்றியில் உரசி உரசி, துணிக்குள் மா இறங்குவதுபோல இறங்கியிருக்கிறது. அந்தத் துண்டை வெட்டி ஒட்டியவள் நான். அதை வேண்டாம் என்று கழற்ற வைத்தவர் சேர்.

மருதனார்மடத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. பார்வை மங்கியவர்கள் தலையில் அணியும் கருவியைச் செய்கிறோம். முன்னால் இருப்பதைச் சிறிய கமெரா ஒன்று பிடிக்கும். புருவத்துக்கு மேலே உள்ள ஒரு சின்னத் திரையில் அது பெரிதாகவும் அழுத்தமாகவும் தெரியும். திரையின் வெளிச்சம் கண்ணுக்கு முன்னால் சாய்வாக நிற்கும் கண்ணாடியில் பட்டுக் கண்ணுக்குள் போகும். மூல வடிவமைப்பு வெளிநாட்டில் இருக்கும் எங்கள் கூட்டாளிகளுடையது. அதை இந்த ஊருக்குப் பொருந்தச் செய்வது எங்கள் வேலை. ஒளியியல் பகுதி முழுவதும் என் பொறுப்பு. மீன்பிடிக்கும் ஊரான குருநகரில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான், கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. வலை இழுத்த கைகள்தான் என்னைப் படிப்பித்தன. நான் செய்யும் வேலையை அப்பாவுக்கு விளங்கப்படுத்தியபோது அவர் கேட்டது: "கம்பஸுக்குப் போய்ப் படிச்சது வெளிச்சத்தை மறைக்கவோ பிள்ளை?" பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் என் வேலையை அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

தேவையான வெளிச்சம் ஒரே ஒரு பாதையால்தான் கண்ணுக்கு வர வேண்டும். மற்றதெல்லாம் வேண்டாத வெளிச்சம். அது வில்லையின் ஓரத்தில் பட்டுத் தெறிக்கும், உள்சுவரில் மினுங்கும், கண்ணாடியின் இரண்டாவது பக்கத்தில் பட்டு ஆவிபோல இன்னொரு உருவம் காட்டும். எல்லாம் சேர்ந்து படத்தின் மேல் ஒரு வெள்ளைப் படலத்தை விரித்துவிடும். அறைக்குள் அது தெரியவே தெரியாது. வெளியே யாழ்ப்பாணத்து வெயிலில் கால் வைத்தவுடன் எழுத்தெல்லாம் கரைந்துபோகும். சேர் அதற்கு வைத்த பெயர் பால்தண்ணி.

அப்போது சேர்தான் அலுவலகத்துக்குப் பொறுப்பு. நீண்ட காலம் கொழும்பில் பெரிய நிறுவனங்களில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். காலையில் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் படி ஏறுவார். நெற்றி நிறைய மூன்று விபூதிக் குறி, நடுவில் சந்தனம். சட்டையில் ஒரு மடிப்பும் இருக்காது. நேர்முகத் தேர்வில் என் முகவரியை வாசித்தவர், ஒரு நொடி நிறுத்தி, "குருநகரோ?" என்றார். பிறகு அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் ஒளியியல் கேள்விகளுக்குத் தாவினார். வேலையும் தந்தார். அந்த ஒரு நொடி என்ன நினைத்தார் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. நல்ல பொறியியலாளர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு பழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு திருத்தத்தையும் அவரே தலையில் அணிந்து முற்றத்தில் நின்று பார்ப்பார். அவர் ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை. அளவுகருவி சொல்வது அதற்குப் பிறகுதான்.

அவர் ஓம் என்று சொன்னதே இல்லை. வில்லைகளின் ஓரமெல்லாம் கறுப்பு மை பூசினேன். உள்சுவருக்கு மினுக்கம் இல்லாத கறுப்பு அடித்தேன். வழியில் தடுப்பு வளையங்கள் வைத்தேன். கண்ணாடிக்குத் தெறிப்பைக் குறைக்கும் பூச்சு போட்டு எடுப்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு நான் போட்டு முற்றத்தில் நிற்பேன், எதிர்ச்சுவரில் ஒட்டிய எழுத்துகள் பளிச்சென்று தெரியும். சேர் வந்து போடுவார். தலையை ஆட்டிக் கழற்றுவார். "பால்தண்ணி அப்பிடியே நிக்குது. நீர் என்னத்தைப் பாக்கிறீரோ தெரியேல்லை." அதே கருவி, அதே முற்றம், அதே வெயில். ஒருநாள் எல்லோருக்கும் முன்னால், "வடிவாப் பாரும் பிள்ளை. இல்லாட்டில் முதல்லை உம்மடை கண்ணைக் காட்டும்," என்றார். சிரித்துவிட்டுத்தான் சொன்னார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் உண்மையாகவே கண் பரிசோதனைக்குப் போனேன். ஒரு பிழையும் இல்லை என்றார்கள். அவர்கள் எழுதித் தந்த காகிதத்தைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைக்கலாமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்து, கடைசியில் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

கருவியைப் போட்டுப் பார்க்க அரியாலையிலிருந்து ஓர் அக்கா வருவார். நடுப்பார்வை மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருப்பவர், வாய் மட்டும் ஒருநாளும் மங்காதவர். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகையைத் தானே வாசிக்க வேண்டும். "ஒவ்வொரு பஸ்ஸையும் கை போட்டு மறிச்சுக் கேக்கிறன் தங்கச்சி. கொண்டக்டர்மார் பேசுறாங்கள். ஒருத்தன் கேக்கிறான், அம்மா உங்களுக்குக் கண் தெரியாதோ எண்டு. ஓமடா, அதுதானே கேக்கிறன் எண்டனான்." அறைக்குள் அவர் எல்லாவற்றையும் வாசித்தார், சுவரில் இருந்த நாட்காட்டியின் அடியில் சின்ன எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயர் உட்பட. முற்றத்துக்கு இறங்கியதும் நின்றுவிட்டார். "வீட்டுக்குள்ளை நல்லாத்தான் தெரியுது. ஆனா வீட்டுக்குள்ளை பஸ் வராதே!" சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கண்ணுக்குத் தெரியும் எழுத்து இந்த இரண்டு பேருக்கும் ஏன் தெரியவில்லை என்று நான் அந்த அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நெற்றியிலும் விபூதி இருந்தது. பார்த்துக்கொண்டுதான் நின்றேன், ஆனால் மனத்தில் படவில்லை. இங்கே அது முகத்தில் மூக்கு இருப்பதுபோல. யார் கவனிப்பார்கள்?

அது பட்டது விபூதிப் புதனன்று. தவக்காலம் தொடங்கும் அந்த நாளில் கத்தோலிக்கரான நாங்கள் விடியப் பூசைக்குப் போய்ச் சாம்பல் பூசிக்கொண்டுதான் வேலைக்குப் போவோம். போன வருடத்துக் குருத்தோலைகளை வெளுக்க வெளுக்க எரித்த சாம்பல். எங்கள் சுவாமியார் பெருவிரலால் தாராளமாகவே சிலுவை போடுவார். வீட்டு வாசலில் அம்மா சொன்னார்: "பஸ்ஸிலை வேர்க்குதெண்டு துடைச்சுப்போடாதை. பின்னேரம் மட்டும் இருக்கட்டும்." அலுவலகத்துக்கு வந்து, வழக்கம்போலக் கருவியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கிப் போட்டேன். எழுத்தைக் காணவில்லை. பால்தண்ணி. முதல்முறையாக என் கண்ணுக்கு முன்னால்.

பூச்சு உரிந்துவிட்டதோ என்று பதறிப்போனேன். வெயிலில் கண் கூசியதால் கை தானாகவே நெற்றிக்கு மேலே போனது. படலம் மறைந்தது. கையை எடுத்தேன், வந்தது. வைத்தேன், போனது. அப்போதுதான் உள்ளங்கையின் ஓரத்தில் ஒட்டியிருந்த சாம்பலைக் கண்டேன். கருவிக்கும் நெற்றிக்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. அதனூடாக மேலேயிருந்து வெயில் இறங்கி நெற்றியில் விழுகிறது. என் கறுத்த வெறும் நெற்றி அதைக் குடித்துவிடும். வெள்ளை பூசிய நெற்றி திருப்பி எறியும். எறிந்த வெளிச்சம் நேரே சாய்ந்த கண்ணாடியில் பட்டு, திரையின் வெளிச்சம் வரும் அதே பாதையால் கண்ணுக்குள் வருகிறது. நெற்றியே இன்னொரு திரையாகிவிடுகிறது. இத்தனை மாதங்களாக நான் கருவியின் உள்ளே கறுப்படித்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மனிதரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

மாடிக்கு ஓடினேன். "சேர், இண்டைக்கு எனக்கும் தெரியுது."

"என்ன தெரியுது?"

"பால்தண்ணி."

அவருடைய முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. "பாத்தீரோ! நான் சொல்லேக்கை ஆரும் நம்பேல்லை." என் நெற்றியைக் காட்டி, கையால் மறைத்தும் விட்டும் விளங்கப்படுத்தினேன். மலர்ச்சி மெல்ல வடிந்தது. அவரும் என்னைப் போலவே உடனே விளங்கிக்கொண்டார், அதுதான் சிக்கல். கேட்டுக்கொண்டிருந்தவர் கதிரையில் நிமிர்ந்தார். "அப்ப, என்னைப் பூசாமல் வரச் சொல்லுறீரோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை, சேர்."

"உம்மடையை முதல்லை அழியும். அழிச்சுப்போட்டுப் பாரும். அப்பவும் தெரியாட்டில் நான் ஒத்துக்கொள்ளுறன்."

சோதனை என்ற வகையில் அவர் கேட்டது சரி. ஒரு கைக்குட்டை போதும். "இண்டைக்கு ஏலாது, சேர்."

"ஏன் ஏலாது?"

"அம்மா அழிக்க வேண்டாமெண்டவ."

"எனக்கும் அம்மா இருந்தவ," என்றார் சேர்.

படித்த இரண்டு பேர், கையில் தீர்வை வைத்துக்கொண்டு, அவரவர் சாம்பலோடு முறைத்துக்கொண்டு நின்றோம். மறுநாள் வெறும் நெற்றியோடு வந்து, படலம் இல்லை என்று சொன்னேன். "நேற்றைய வெயில் வேறை, இண்டையான் வெயில் வேறை," என்றார். நான் கருவியை எடுத்துக்கொண்டு என் மேசைக்குத் திரும்பினேன். குருநகர்ப் பெட்டை ஒருத்தி சேரின் விபூதியில் கை வைக்கிறாள் என்று அந்த மாடியில் ஒருவர் நினைத்தாலே போதும், ஒளியியல் அதோடு முடிந்துவிடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

யாரும் எதையும் அழிக்கத் தேவையில்லை, நெற்றியைக் கண்ணாடி பார்க்காமல் செய்தால் போதும் என்று அன்றைக்குப் பின்னேரம் பஸ்ஸில் வரும்போதுதான் மனத்தில் ஓடியது. இடைவெளியை மூட மென்மையான, மினுங்காத கறுப்பு ஒன்று வேண்டும். சித்தப்பா கடலடியில் மூழ்கிக் கடலட்டை எடுக்கச் சுழியோடுகிறவர். அவருடைய பழைய சுழியோடும் சட்டை கொல்லையில் கிழிந்து கிடந்தது. பஞ்சுபோல அமுங்கும் றப்பர், மேலே கறுப்புத் துணி. நன்றாகக் கழுவி, சட்டைக் கையிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கருவியின் மேல்விளிம்பில் ஒட்டினேன். மெத்தென்று நெற்றியில் சாய்ந்து நின்றது. மூன்று குறியில் அடிக்குறியை மட்டும்தான் தொடும்.

சேர் அதைக் கையில் எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். "உதென்ன, மச்சம் மணக்குது." மீன் வாடை ஆகாத சைவக்காரர், அன்று வெள்ளிக்கிழமை வேறு. நான் கழுவிய கழுவலுக்கு அதில் சவர்க்கார மணம்கூட மிஞ்சியிருக்காது. "கடல் மணம், சேர்," என்றேன். மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை அரியாலை அக்கா வந்தார். யாரையும் கேட்காமல் அவருக்கு அந்தக் கருவியைப் போட்டுப் பிரதான வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல வெயில். சேரும் எங்களுக்குப் பின்னால் வந்து தள்ளி நின்றார். தூரத்தில் சிவப்பாக ஒன்று வந்தது. அக்கா தலையைச் சற்று முன்னே நீட்டினார். "காங்... கே... சன்... காங்கேசன்துறை! தங்கச்சி, காங்கேசன்துறை!" அவர் கையை ஆட்டிய ஆட்டத்தில் பஸ் எங்களுக்கு முன்னால் நின்றுவிட்டது. கொண்டக்டர் தொங்கிக்கொண்டு, "ஏறுறியளோ இல்லையோ?" என்றான். "ஏறேல்லை, வாசிச்சனான். நீ போ!" என்றார் அக்கா. அவன் விசரி என்பதுபோலப் பார்த்துவிட்டு மணியை அடித்தான். அக்கா சிரித்த சிரிப்பில் கருவி மூக்கின் நுனிக்கு இறங்கிவிட்டது. பிறகு சேர் அதை வாங்கித் தானே போட்டார். வீதியைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். கழற்றிக் கையில் தந்து, "ம்," என்றார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே ஒப்புதல் அதுதான்.

அதற்கு அடுத்த கிழமை வெளிநாட்டுக் கூட்டாளிகளோடு காணொளிக் கூட்டம். கூட்டத்துக்குப் போகுமுன் சேர் சொன்னார்: "உந்தத் துண்டைக் கழட்டிப்போட்டுக் காட்டும். வடிவில்லை." கழற்றினேன். வாயால் சொன்னால் போதும் என்று நம்பினேன். சொன்னேன், படம் வரைந்தும் காட்டினேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். அவர்களுடைய சன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தங்களுடைய சோதனைகளில் இப்படி ஒன்று வரவில்லை, சட்டகத்தின் வடிவத்தை இனி மாற்ற முடியாது, அணிபவர்கள் நெற்றியைத் துடைத்துவிட்டு அணிந்தால் போதாதா என்றார்கள். நான் சேரைப் பார்த்தேன். திரையின் ஒரு மூலையில் அவருடைய முகம் சின்னதாகத் தெரிந்தது, மூன்று குறியும் சந்தனமுமாக. அந்த முகத்தோடு ஒரு வார்த்தை சொன்னால் போதும். இங்கே யாரும் துடைக்கமாட்டார்கள், நான் துடைக்கமாட்டேன் என்று. என்னிடம் அவ்வளவு உறுதியாகச் சொன்னவர்தானே. "ஓகே, நோ பிறொப்ளம்," என்றார் சேர்.

கூட்டம் முடிந்ததும் என் முகத்தைப் பாராமலே சொன்னார்: "அவைக்கு உதெல்லாம் விளங்காது பிள்ளை. அவையோடை கொழுவி என்ன காணப்போறம்? அலுவல் நடக்கோணும்." கையேட்டில் ஒரு வரி ஏறியது. வெளியில் பயன்படுத்துமுன் நெற்றியைச் சுத்தமாகத் துடைக்கவும். அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தவளும் நான்தான், வேறு யாருக்குச் சொற்கள் தெரியும்? சேர் அதற்கு ஒப்பமிட்டார். கழற்றிய றப்பர்த் துண்டைப் பிறகு தேடினேன், மேசையில் இல்லை. கூட்டுகிறபோது போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். சில மாதங்களில் அவர் ஓய்வுபெற்றார். அவர் போட்டுப் பார்த்த கருவியையே நினைவுப் பரிசாகக் கொடுத்தோம். பிரியாவிடையில் என்னைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை சொன்னார். நான் கை தட்டினேன்.

அரியாலை அக்காவுக்கு அந்த வரியை நான்தான் வாசித்துக் காட்டினேன். "துடைக்கோணுமாமோ? பஸ்ஸுக்காகவோ?" என்றார். அவர் சிரிக்காமல் கதைத்து நான் கண்டது அன்றைக்குத்தான். அவருக்கு ஒரு துண்டு வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். அடுத்த பராமரிப்புக்குக் கருவி வந்தபோது, அனுமதி இல்லாமல் ஒட்டியது என்று பராமரிப்புப் பகுதியில் அதை உரித்துவிட்டார்கள். மறுபடி ஒட்டினால் உத்தரவாதம் போய்விடும் என்று எழுத்தில் எச்சரிக்கையும் வந்தது. கருவி இப்போது அவர் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அவர் பழையபடி ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கை போடுகிறார். அந்தச் சின்னத் துண்டை வடிவமைப்பிலேயே சேர்க்கச் சொல்லி வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்கு நான் எழுதாத கடிதம் இல்லை. வந்த பதில் எப்போதும் ஒன்றுதான்: இது உங்கள் முன்னைய பொறுப்பாளர் ஏற்றுக்கொண்ட விடயம்.

இப்போது அந்த முன்னைய பொறுப்பாளரின் கருவி என் மேசையில், என் துண்டோடு. சித்தப்பாவின் சட்டைக் கையில் இருந்த தையல்கூட அப்படியே இருக்கிறது. யாரும் கூட்டித் தள்ளவில்லை, அவர்தான் எடுத்துப் போயிருக்கிறார். நான் ஒட்டியதைவிட நேர்த்தியாக, விளிம்பு பிசகாமல் ஒட்டியிருக்கிறார். கருவியைத் தந்துவிட்டுப் படியில் இறங்கப்போன மகள், நினைவு வந்தவராகத் திரும்பிச் சொன்னார்: "அப்பாவுக்கும் இப்ப பார்வை மங்கிக்கொண்டு வருது. அந்தக் கறுப்புத் துண்டைக் கழட்டிப்போட வேண்டாமெண்டு அப்பா கட்டாயம் சொல்லச் சொன்னவர். அது இல்லாட்டில் வெளியிலை அவருக்கு ஒண்டும் தெரியாதாம்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வந்த கோபம் இன்னும் போகவில்லை. மச்சம் மணத்த துண்டு வீட்டில், தனியே, அவருடைய நெற்றிக்கு ஆகியிருக்கிறது. அந்தக் காணொளித் திரைக்கு முன்னால் மட்டும் ஆகவில்லை. என்னிடம் அவ்வளவு வீரமாகக் காத்த நெற்றியை, எங்கள் எல்லோருடைய நெற்றியையும் சேர்த்து, அங்கே ஒரே வார்த்தையில் துடைத்துக் கொடுத்தார். அவர் தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டார் என்பதல்ல என் மனக்குறை. அது வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பதுதான்.

வருகிற மாதம் வெளிநாட்டுக் கூட்டாளிகள் முதல்முறையாக இங்கே வருகிறார்கள். வெயில் காலம். திரும்பி வரும் கருவிகளில் ஒட்டியவற்றை உரித்து, துடைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. நான் உரிக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை. இன்று காலை மகள் தொலைபேசியில் கேட்டார், வந்து எடுக்கட்டோ என்று.

"கருவி சரி அக்கா. ஆனா உங்களிட்டைத் தரமாட்டன்," என்றேன். "அவை வாற அண்டைக்கு சேரையே வரச் சொல்லுங்கோ. கோயிலுக்குப் போயிட்டு, பூசிக்கொண்டு வரட்டும். முற்றத்திலை வைச்சுத் தாறன்."

மறுமுனையில் மகள் பக்கத்தில் யாரிடமோ தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். பிறகு மகள், "சொல்லிப் பாக்கிறன்," என்றார். அரியாலை அக்காவையும் அன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கருவியை மேசையில் சன்னல் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். வெயில் துண்டின் உட்பக்கத்தில் விழுகிறது. அந்த வெள்ளை நான் நிற்கும் இடத்திலிருந்தே கண்ணைக் கூச வைக்கிறது.